டச்சு மொழியில் தொழில் பெயர்கள்: ஒரு சொல் மாறினால் வேலையே மாறும்

நெதர்லாந்துக்கு வேலைக்கோ, மேற்படிப்புக்கோ, திருமணமாகி வாழ்வதற்கோ செல்லும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் அங்கே முதலில் சந்திக்கும் கேள்விகளில் ஒன்று, “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்பது. அக்கம் பக்கத்தாரும் கேட்பார்கள், நகராட்சி அலுவலகத்திலும் கேட்பார்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும் கேட்பார்கள். ஐந்தோவன் நகருக்கு அருகே ஃபெல்ட்ஹோஃபனில் இருக்கும் ஏஎஸ்எம்எல் போன்ற பன்னாட்டு நிறுவனங்களில் ஆங்கிலம் மட்டுமே போதும். மருத்துவமனை, பட்டறை, கட்டுமானத் தளம், முதியோர் இல்லம், கடை என்று இறங்கினால் டச்சு தேவை.

டச்சு மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் சுமார் 2.4 கோடி பேர். நெதர்லாந்தும் பெல்ஜியத்தின் வடபகுதியான ஃப்ளாண்டர்ஸும் இதன் தாயகம். தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டிலும் இதுவே ஆட்சிமொழி.

தொழில் பெயர்களைக் கற்பது சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது போல எளிதாகத் தோன்றும். ஆனால் சில பெயர்கள் சட்டத்தால் காக்கப்பட்டவை. உரிய பதிவு இல்லாதவர் அவற்றைத் தமக்குச் சூட்டிக்கொள்ளக் கூடாது. சில பெயர்கள் ஆங்கிலம் போலவே ஒலித்து வேறு வேலையைக் குறிப்பவை. வேலை ஒப்பந்தத்தில் எழுதப்படும் பதவிப் பெயரை வைத்துத்தான் பல துறைகளில் சம்பளப் படிநிலை அமைகிறது. அதனால் தம் வேலைக்குரிய சரியான டச்சுச் சொல் எது என்று தெரிந்துகொள்வது, செய்த படிப்புக்கும் சேர்த்த அனுபவத்துக்கும் உரிய மதிப்பைப் பெறுவதற்கான முதல் படி.

ஒலியில் கவனிக்க வேண்டியவை

டச்சு எழுத்துகள் ஆங்கில எழுத்துகளே, ஒலிகள்தாம் வேறு. ‘ஜி’ என்ற எழுத்து தொண்டையை உரசி வரும் ‘ஹ’ போல ஒலிக்கும். ‘சி-ஹெச்’ சேர்ந்து வந்தாலும் பெரும்பாலும் அப்படியே. ‘ஜே’ என்பது ‘ய’. ‘டபிள்யூ’ ஏறக்குறைய நம் ‘வ’. ‘வி’ என்ற எழுத்து ‘ஃப’ பக்கம் சாயும். ‘ஐ-ஜே’ சேர்ந்தால் ‘ஐ’ ஒலி. ‘யூ-ஐ’ சேர்ந்தால் தமிழில் இல்லாத ஓர் ஒலி. இக்கட்டுரையில் அது ‘ஔ’ என்று எழுதப்படுகிறது. தமிழ் எழுத்தில் காட்டும் உச்சரிப்பு ஒரு வழிகாட்டி மட்டுமே. சரியான ஒலியைக் காதால் கேட்டுப் பழக வேண்டும்.

உயிரொலியில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் இணை போதும். ‘ஸ்ஹூன்மாக்கர்’ என்றால் செருப்பு தைப்பவர், பழுது பார்ப்பவர். ‘ஸ்ஹோன்மாக்கர்’ என்றால் துப்புரவுப் பணியாளர். முதலாவதில் ‘ஓ-ஈ’ என்ற எழுத்துகள் சேர்ந்து ‘ஊ’ என்று ஒலிக்கின்றன. ‘ஸ்ஹூன்’ என்றால் காலணி. இரண்டாவதில் இரண்டு ‘ஓ’ சேர்ந்து நெடில் ‘ஓ’ ஆகிறது; ‘ஸ்ஹோன்’ என்றால் தூய்மை. ஓர் உயிரொலிதான் வேறுபாடு, வேலை முற்றிலும் வேறு.

நமக்குப் பழகிய டச்சு

மாமாக் கடையில் “பாஸ், தே தாரேக் ஒண்ணு” என்று குரல் கொடுப்பவர் ஒரு டச்சுத் தொழில் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். டச்சில் ‘பாஸ்’ என்றால் முதலாளி, மேலாள். ஒரு காலத்தில் டச்சுக் குடியேற்றமாக இருந்த நியூயார்க் பகுதி வழியாக அந்தச் சொல் ஆங்கிலத்தில் நுழைந்து, உலகம் சுற்றி நம் ஊருக்கு வந்தது.

மலாய்மொழியில் அலுவலகக் காவலரையும் ஏவலாளரையும் குறிக்கும் ‘ஓப்பாஸ்’, டச்சு ‘ஒப்பஸ்ஸர்’ என்பதிலிருந்து வந்தது. பார்த்துக்கொள்பவர், காவல் இருப்பவர் என்பது அதன் பொருள். இன்று நெதர்லாந்தில் அச்சொல் பெரும்பாலும் விலங்கியல் தோட்டத்தில் விலங்குகளைப் பராமரிப்பவரைக் குறிக்கிறது. அதன் சுருங்கிய வடிவமான ‘ஒப்பஸ்’ என்றால் பெற்றோர் வெளியே போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்.

மலேசியாவில் பதிவு பெற்ற நிபுணத்துவப் பொறியாளர்கள் பெயருக்கு முன்னால் ‘ஐஆர்’ என்ற இரண்டு எழுத்துகளைப் போடுவதைப் பார்த்திருப்போம். அதுவும் டச்சு வழக்கே; ‘இன்ஜெனியேர்’ என்ற சொல்லின் சுருக்கம். 1926இல் பாண்டுங் தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டம் பெற்ற சுகார்னோ, இந்தோனேசியாவின் முதல் அதிபரான பிறகும் ‘ஐஆர்’ சுகார்னோ என்றே அறியப்பட்டார்.

டச்சுக்காரர்கள் 1641இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றி, 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆங்கிலேயரிடம் விட்டுச் சென்றார்கள். இந்தோனேசியாவில் அவர்கள் ஆட்சி நெடுங்காலம் நீடித்ததால், அங்கே டச்சுத் தொழில் பெயர்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. இந்தோனேசியர்களுடன் வேலை செய்பவர்கள் காதில் இவை விழுந்திருக்கும். அவர்கள் சொல்லும் ‘சோப்பிர்’ டச்சில் ‘ஷோஃபேர்’, அதாவது வாகன ஓட்டுநர். ‘மொந்திர்’ டச்சில் ‘மொண்டேர்’, இயந்திரம் பொருத்திப் பழுது பார்ப்பவர். ‘காசிர்’ டச்சில் ‘கஸ்ஸீர்’, பணம் வாங்கும் காசாளர். ‘அப்போத்தேக்கர்’ டச்சில் ‘அப்போட்டேக்கர்’, மருந்தாளர். இந்தோனேசிய மருத்துவமனையில் தாதியைக் கூப்பிடும் ‘சுஸ்தெர்’, டச்சில் சகோதரியையும் தாதியையும் குறித்த ‘ஸஸ்டர்’.

இலங்கைத் தமிழில் அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பதும், ஆவணப் பதிவு செய்பவரை ‘நொத்தாரிசு’ என்பதும் டச்சு ஆட்சியின் எச்சங்களே. டச்சில் அவை ‘கன்டோர்’, ‘நொட்டாரிஸ்’.

சொல்லைப் பிரித்தால் வேலை தெரியும்

டச்சுத் தொழில் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்கள் ஒட்டியவை. தமிழர்களுக்கு இது புதிதல்ல. ஓட்டு என்பதோடு ‘நர்’ சேர்ந்தால் ஓட்டுநர். வழக்கோடு ‘அறிஞர்’ சேர்ந்தால் வழக்கறிஞர். டச்சிலும் இதே முறைதான். கடைசித் துண்டைப் பிடித்துக்கொண்டால் நீளமான சொல்லும் அடங்கிவிடும்.

‘-அர்’: செய்பவர். ‘பக்கர்’ ரொட்டி சுடுபவர், ‘ஃபிஸ்ஸர்’ மீனவர், ‘கப்பர்’ முடி திருத்துபவர், ‘லஸ்ஸர்’ வெல்டர்.

‘-ஆர்’: இதுவும் செய்பவரே. ‘மோலனார்’ மாவாலை நடத்துபவர், ‘மெட்ஸலார்’ செங்கல் கட்டும் கொத்தனார், ‘அம்ட்டனார்’ பொதுச் சேவை ஊழியர்.

‘-மாக்கர்’: உருவாக்குபவர், ஆக்குபவர். துணியைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்து ‘க்ளேர்மாக்கர்’ தையற்காரர்.

‘-மன்’: ஆள். ‘டிம்மர்மன்’ தச்சர், ‘டௌன்மன்’ தோட்டக்காரர், ‘ப்ரண்ட்வேர்மன்’ தீயணைப்பு வீரர்.

‘-ஹௌடர்’: வைத்திருப்பவர். ‘பூக்’ என்றால் புத்தகம். ‘பூக்ஹௌடர்’ கணக்கு எழுதுபவர்.

‘-மேஸ்டர்’: தலைவர், தேர்ந்தவர். ‘புர்ஹமேஸ்டர்’ நகரத் தலைவர், ‘பென்னிங்மேஸ்டர்’ சங்கத்தின் பொருளாளர்.

‘-குந்தஹ’: ஒரு துறையை அறிந்தவர். வழக்கறிஞரில் வரும் ‘அறிஞர்’ போன்றது.

‘-அர்ட்ஸ்’: மருத்துவர்.

‘-மேடவெர்க்கர்’: ஊழியர், உடன் பணியாற்றுபவர். முன்னால் வரும் சொல்லே எந்த இடத்து ஊழியர் என்று காட்டும்.

முன்னால் சேரும் துண்டுகள் படிநிலையைச் சொல்லும். ‘ஹோஃப்ட்’ என்றால் தலைமை. ‘ஹல்ப்’ என்றால் உதவி. ‘லேர்லிங்’ என்றால் தொழில் பழகுபவர். ஆகவே ‘ஹல்ப்-கொக்’ உதவிச் சமையற்காரர்; ‘லேர்லிங்-மொண்டேர்’ தொழில் பழகும் பழுதுபார்ப்பாளர். இந்த முன்துண்டைக் கவனிக்காமல் விண்ணப்பித்தால் பத்தாண்டு அனுபவம் உள்ளவர் பழகுநர் வேலையில் போய் உட்கார நேரும்.

மருத்துவமும் பராமரிப்பும்

‘அர்ட்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டுக் கலை என்று நினைத்துவிடக் கூடாது, அது மருத்துவர். ‘ஹௌஸ்’ என்றால் வீடு. ‘ஹௌஸ்அர்ட்ஸ்’ குடும்ப மருத்துவர். நெதர்லாந்தில் எந்த நோய்க்கும் முதலில் இவரிடம்தான் போக வேண்டும். சிறப்பு மருத்துவரிடம் இவர் எழுதிக் கொடுத்தால்தான் பொதுவாகப் போக முடியும். ‘டண்ட்அர்ட்ஸ்’ பல் மருத்துவர். ‘ஓஹ்அர்ட்ஸ்’ கண் மருத்துவர். ‘கிண்டர்அர்ட்ஸ்’ குழந்தை மருத்துவர். ‘டீரன்அர்ட்ஸ்’ கால்நடை மருத்துவர். ஒரே கடைசித் துண்டைப் பிடித்து ஐந்து சொற்களைக் கற்றாயிற்று.

பேச்சில் மருத்துவரை ‘டொக்டர்’ என்று அழைப்பார்கள். முனைவர் பட்டம் பெற்றவர் ‘டொக்டோர்’. எழுத்தில் முன்னதற்கு நடுவில் ‘கே’, பின்னதற்கு ‘சி’. முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் படிவத்தில் எழுத்தை மாற்றிப் போட்டால் மருத்துவர் என்று சொல்லிக்கொண்டதாகிவிடும்.

தாதியராகப் போக விரும்புவோர் மிகவும் கவனிக்க வேண்டிய மூன்று பெயர்கள் உண்டு. ‘ஃபெர்ப்லேஹ்குந்தஹ’ என்பவர் பதிவு பெற்ற தாதி. ‘ஃபெர்ஸொர்ஹண்ட’ என்பவர் நோயாளிகளையும் முதியவர்களையும் பராமரிப்பவர். ‘ஹெல்ப்பண்ட’ என்பவர் பராமரிப்பில் துணை செய்பவர். நெதர்லாந்தின் தொழிற்கல்வி அமைப்பில் ‘ஹெல்ப்பண்ட’ இரண்டாம் நிலை, ‘ஃபெர்ஸொர்ஹண்ட’ மூன்றாம் நிலை. ‘ஃபெர்ப்லேஹ்குந்தஹ’ ஆவதற்கு நான்காம் நிலையோ, அதற்கு மேலான உயர்தொழிற்கல்விப் பட்டமோ வேண்டும். பொறுப்பும் சம்பளமும் அதற்கேற்ப மாறும்.

மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளர், தாதி, ‘ஃபெர்லொஸ்குந்தஹ’ எனப்படும் பேறுகால மருத்துவச்சி, இயன்முறை மருத்துவர் ஆகியோர் ‘பிஹ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசுப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதிவில்லாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். நம் நாட்டில் தாதியாக முழுப் பயிற்சி பெற்றவரானாலும், அங்கே பதிவு கிடைக்கும்வரை தம்மை ‘ஃபெர்ப்லேஹ்குந்தஹ’ என்று விண்ணப்பத்தில் எழுதக் கூடாது. எந்த நாட்டில் தாதிப் பட்டயம் பெற்றவர் என்று விளக்கி எழுதலாம். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. தாதிப் பட்டம் உள்ள ஒருவரை ‘ஃபெர்ஸொர்ஹண்ட’ என்ற பதவிப் பெயரில் ஒப்பந்தம் செய்தால், அவர் படிப்புக்குக் குறைந்த வேலையில்தான் சேர்கிறார். பதிவு கிடைக்கும்வரை அப்படிச் சேர்வது ஒருவர் அறிந்து எடுக்கும் முடிவாக இருக்கலாம். சொல்லின் பொருள் தெரியாமல் கையெழுத்திடுவது வேறு விஷயம்.

பெல்ஜியத்தில் பெயர்கள் சற்று மாறும். அங்கே ‘ஸொர்ஹ்குந்தஹ’ என்ற பெயர் உண்டு. கடைசித் துண்டு ஒன்றே என்றாலும் அவர் தாதி அல்லர். தாதிக்குத் துணையாக நிற்கும் பராமரிப்பாளர்.

பட்டறை, கட்டுமானம், போக்குவரத்து

தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவரை ஆங்கிலத்தில் மெஷினிஸ்ட் என்போம். அதே சொல்லை டச்சு விண்ணப்பத்தில் எழுதினால் தவறு. டச்சில் ‘மஷினிஸ்ட்’ என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் ரயில் ஓட்டுநர். பாரந்தூக்கி ஓட்டுபவர் ‘க்ரான்மஷினிஸ்ட்’. ஐரோப்பாவின் ஆகப் பெரிய துறைமுகமான ரோட்டர்டாமில் இந்தச் சொல் அன்றாடம் புழங்குகிறது. உலோகத்தைக் கடைபவரோ ‘ட்ராயர்’, வெட்டிச் செதுக்குபவர் ‘ஃப்ரேஸர்’. இருவருக்கும் பொதுவான பெயர் ‘ஃபெர்ஸ்பானர்’. பினாங்கிலோ ஜொகூரிலோ பட்டறை அனுபவம் உள்ளவர் தேட வேண்டிய சொற்கள் இவைதாம்.

ரயிலில் பயணச்சீட்டைச் சரிபார்ப்பவர் ‘கொண்டக்டேர்’. பேருந்து ஓட்டுநர் ‘பஸ்-ஷோஃபேர்’. லோரி ஓட்டுநர் ‘ஃப்ரஹ்ட்வாஹன்-ஷோஃபேர்’. ‘ஃப்ரஹ்ட்’ என்றால் சரக்கு, ‘வாஹன்’ என்றால் வண்டி. வாகனம் என்ற நம் சொல்லோடு ஒலி ஒத்துப்போவதால் தமிழர்களுக்கு எளிதில் மனத்தில் நிற்கும்.

‘மொண்டேர்’ என்பது பொறியாளர் அல்லர், தொழில்நுட்பப் பணியாளர். கார் பழுது பார்ப்பவர் ‘ஔட்டோமொண்டேர்’. ‘இன்ஜெனியேர்’ என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பட்டம். பல்கலைக்கழகத்தில் படித்தவர் ‘ஐஆர்’ என்றும், உயர்தொழிற்கல்வி நிலையத்தில் படித்தவர் ‘ஐஎன்ஜி’ என்றும் பெயருக்கு முன் சுருக்கம் போடுவார்கள்.

குழாய் வேலை செய்பவர் ‘லோட்ஹீட்டர்’. ‘லோட்’ என்றால் ஈயம், ‘ஹீட்டர்’ என்றால் ஊற்றுபவர். ஈயம் ஊற்றிக் குழாய் இணைத்த காலத்துப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. ‘எலெக்ட்ரிஸியேன்’ மின் வேலையாள். ‘ஸ்ஹில்டர்’ என்றால் சுவருக்குச் சாயம் அடிப்பவரும் உண்டு, ஓவியரும் உண்டு, ரெம்பிராண்டும் ‘ஸ்ஹில்டர்’தான்.

‘ஆன்நேமர்’ என்றால் கட்டுமானக் குத்தகையாளர். ‘ஒண்டர்நேமர்’ என்றால் சொந்தத் தொழில் நடத்துபவர். ‘வெர்க்நேமர்’ என்றால் தொழிலாளி, ‘வெர்க்ஹேஃபர்’ என்றால் முதலாளி. ‘நேமர்’ எடுப்பவர், ‘ஹேஃபர்’ கொடுப்பவர். வேலை கொடுப்பவர், வேலை எடுப்பவர் என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது. கட்டுமானத் தளத்து மேற்பார்வையாளர் ‘ஒப்ஸிஹ்டர்’. வேலை ஆட்களுக்குத் தலைமை தாங்குபவர் ‘ஃபோர்மன்’; தோட்டப்புறத்தார் மண்டோர் என்று சொல்வதற்கு நெருங்கிய பதவி.

சமையல், கடை, கிடங்கு

உணவகத்தில் வேலை தேடுபவர் “நான் ஷெஃப்” என்று சொன்னால், டச்சுக்காரருக்கு “நான் மேலதிகாரி” என்றும் கேட்கும். ‘ஷெஃப்’ என்பது அங்கே எந்த அலுவலகத்திலும் இருக்கும் தலைவரைக் குறிக்கும். சமையற்காரர் ‘கொக்’. தலைமைச் சமையற்காரர் ‘ஷெஃப்-கொக்’. மேற்பார்வை இல்லாமல் தனியாகச் சமைக்கத் தெரிந்தவரை விளம்பரங்கள் ‘ஸெல்ஃப்ஸ்டண்டஹ் வெர்க்கண்ட் கொக்’ என்று கேட்கும். பரிமாறுபவர் ‘ஓபர்’. தட்டு கழுவுபவர் ‘அஃப்வஸ்ஸர்’.

இறைச்சிக் கடைக்காரர் ‘ஸ்லாஹர்’. விற்பனையாளர் ‘ஃபெர்கோப்பர்’. பொருளை வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுப்பவர் ‘பஸொர்ஹர்’. அஞ்சல்காரர் ‘பொஸ்ட்போட’.

‘மஹஸைன்-மேடவெர்க்கர்’ என்ற விளம்பரம் அடிக்கடி வரும். மஹஸைன் என்பதைப் பார்த்துப் பத்திரிகை வேலை என்று எண்ணிவிடக் கூடாது. அது கிடங்கு, வேலை கிடங்கு ஊழியர் வேலை.

அலுவலகம், சட்டம், கல்வி

கணக்குத் துறையில் ‘பூக்ஹௌடர்’ என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். ‘அகௌண்டன்ட்’ என்பது காக்கப்பட்ட பெயர். உரிய தகுதியும் பதிவும் உள்ளவருக்கே உரியது. மலேசியாவில் கணக்குப் பிரிவில் வேலை செய்தவர்கள் ஆங்கிலப் பழக்கத்தில் இந்த இரண்டாம் சொல்லை எழுதிவிடுவது எளிது.

சட்டம் படித்தவர் ‘யூரிஸ்ட்’. நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமை பெற்றவர் ‘அட்ஃபோகாட்’. நீதிபதி ‘ரெஹ்டர்’. சட்டப் பட்டதாரிகள் பெயருக்கு முன்னால் ‘எம்ஆர்’ என்று போடுவார்கள். அது ஆங்கிலத்தில் திரு என்பதைக் குறிக்கும் மிஸ்டர் அல்ல. ‘மேஸ்டர்’ என்ற சட்டப் பட்டத்தின் சுருக்கம். பெண்களும் அதைப் போட்டுக்கொள்வார்கள். நம்மவர் ஒருவர் விண்ணப்பத்தில் வழக்கம் போல மிஸ்டர் என்று சுருக்கி எழுதினால், சட்டப் பட்டம் இருப்பதாகப் பொருள்படும். திரு என்பதற்கு டச்சில் ‘டி-ஹெச்-ஆர்’, திருமதி அல்லது குமாரி என்பதற்கு ‘எம்-டபிள்யூ’ என்பவையே சுருக்கம்.

வீடு வாங்கும்போதும் உயில் எழுதும்போதும் ‘நொட்டாரிஸ்’ முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இவர் அரச ஆணையால் நியமிக்கப்படுபவர். மொழி தெரியாதவருக்கு அங்கே துணை நிற்பவர் ‘டொல்க்’, பேச்சை மொழிபெயர்ப்பவர். எழுத்தை மொழிபெயர்ப்பவர் ‘ஃபெர்டாலர்’.

ஆசிரியர் ‘லேரார்’. உயர்கல்வியில் ‘டோசென்ட்’. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரை ‘மேஸ்டர்’ என்றும் ஆசிரியையை ‘யுஃப்’ என்றும் கூப்பிடுவார்கள்.

ஆணா, பெண்ணா?

பெண்பால் விகுதிகள் டச்சில் பல. ஆசிரியை ‘லேராரெஸ்’. பெண் விற்பனையாளர் ‘ஃபெர்கோப்ஸ்டர்’. பெண் விவசாயி ‘பூரின்’. ஆண் விவசாயி ‘பூர்’. இன்று வேலை விளம்பரங்களில் பொதுவான ஒரே வடிவத்தையே பெரும்பாலும் போடுகிறார்கள். பெயருக்குப் பின் ‘எம், வி, எக்ஸ்’ என்ற மூன்று எழுத்துகள் இருந்தால், ஆண், பெண், வேறு எவரும் விண்ணப்பிக்கலாம் என்று பொருள். தாதிக்கு முன்பு வழங்கிய ‘ஃபெர்ப்லேஹ்ஸ்டர்’ பெண்ணை மட்டும் குறித்தது. ‘ஃபெர்ப்லேஹ்குந்தஹ’ இருபாலருக்கும் பொது.

ஓர் இடத்தில் மட்டும் விகுதி மாறினால் பதவியே மாறும். ‘செக்ரட்டாரிஸ்’ என்றால் சங்கம் அல்லது அமைப்பின் செயலாளர். ‘செக்ரட்டாரெஸ’ என்றால் அலுவலகத்தில் கடிதமும் நாட்குறிப்பும் கவனிக்கும் பெண் உதவியாளர். சங்கச் செயலாளராக இருக்கும் பெண்மணி தம்மை ‘செக்ரட்டாரிஸ்’ என்றே சொல்ல வேண்டும்.

வாயால் சொல்லும் முறை

“வட் ஃபோர் வெர்க் டூட் யூ?” என்றால் “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று மரியாதையாகக் கேட்பது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு டச்சிலும் உண்டு. ‘யூ’ நீங்கள், ‘யை’ நீ.

பதில் சுருக்கமானது. “இக் பென் கொக்” என்றால் “நான் சமையற்காரர்”. ஆங்கிலத்தில் வருவது போல ‘ஒரு’ என்ற சொல்லை நடுவில் போடுவதில்லை. இந்த இடத்தில் டச்சு தமிழைப் போலத்தான். நாமும் “நான் ஓர் ஆசிரியர்” என்பதைவிட “நான் ஆசிரியர்” என்றுதானே சொல்கிறோம்? “இக் வெர்க் அல்ஸ் லஸ்ஸர்” என்றால் “நான் வெல்டராக வேலை செய்கிறேன்”. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல “இக் வெர்க் பை” என்று தொடங்கலாம்.

நெதர்லாந்தில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விரும்பும் மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் பலர், விசாவுக்கு முன் டச்சுத் தூதரகத்தில் அடிப்படை மொழித் தேர்வு எழுத வேண்டியிருக்கும். பேச்சும் வாசிப்பும் அதில் அடங்கும். தம்மைப் பற்றிய எளிய கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல, மேலே உள்ள வாக்கியங்கள் நல்ல தொடக்கம்.

விளம்பரமும் ஒப்பந்தமும்

‘ஃபக்காட்யூர’ என்றால் காலிப் பணியிடம். ‘ஹஸொஹ்ட்’ என்றால் ஆள் தேவை. ‘பான்’ என்றால் வேலை. ‘பரூப்’ என்றால் தொழில். ‘டேல்டைட்’ பகுதி நேரம், ‘ஃபொல்டைட்’ முழு நேரம். ‘ப்லூஹன்டீன்ஸ்ட்’ என்று இருந்தால் ஷிஃப்ட் முறை. ‘ரைபவைஸ்’ என்றால் வாகன ஓட்டுநர் உரிமம். ‘ஔட்ஸெண்ட்-ப்யூரோ’ என்பது தற்காலிக ஆட்களை அனுப்பும் முகவர் நிறுவனம். அப்படி அமர்த்தப்பட்டவருக்கு முகவர் நிறுவனமே சட்டப்படி முதலாளி.

ஒப்பந்தத்தில் ‘ஃபங்க்ஸி’ என்ற சொல்லைத் தேட வேண்டும். அதற்கு நேரே எழுதியிருப்பதுதான் பதவிப் பெயர். பல துறைகளில் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் உண்டு, ‘சேயாஓ’ என்பார்கள். எந்தப் பதவிக்கு எந்தச் சம்பளப் படிநிலை என்பதை அதில் பார்க்கலாம். முகவர் வாயால் சொன்ன வேலையும் தாளில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று கையெழுத்துக்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முகவர் “தாதி வேலை” என்று சொல்லித் தாளில் ‘ஹெல்ப்பண்ட’ என்று இருந்தால், அது இரண்டு படி கீழே உள்ள வேலை.

வெளிநாட்டுச் சான்றிதழ் அங்கே எந்த நிலைக்குச் சமம் என்பதை மதிப்பிடும் அமைப்புகள் உள்ளன. உயர்கல்விச் சான்றிதழ்களை நஃபிக் நிறுவனமும், தொழிற்கல்விச் சான்றிதழ்களை எஸ்பிபி நிறுவனமும் மதிப்பிடுகின்றன. அந்த மதிப்பீடு கையில் இருந்தால் எந்தப் பதவிப் பெயருக்கு விண்ணப்பிக்கலாம் என்பது தெளிவாகும்.

பெயர்ப் பலகைகளே பாடநூல்

டச்சுக்காரர்களின் குடும்பப் பெயர்களில் பல, தொழில் பெயர்கள். பக்கர், ஃபிஸ்ஸர், ஸ்மிட், மல்டர், ட பூர் ஆகியவை அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர்கள். ரொட்டி சுட்டவர், மீனவர், கொல்லர், மாவாலைக்காரர், விவசாயி என்பவை அவற்றின் பொருள். கூரை வேய்ந்தவர் டெக்கர், பீப்பாய் செய்தவர் கௌப்பர், படகோட்டி ஸ்ஹிப்பர். நெப்போலியன் ஆட்சியில் 1811ஆம் ஆண்டு வந்த ஆணைப்படி எல்லாரும் நிலையான குடும்பப் பெயரைப் பதிய வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே வழங்கிய தொழில் பெயர்களும் அப்போது ஏட்டில் ஏறி நிலைத்துவிட்டன. தெருவில் நடந்து வீட்டு வாசல் பலகைகளைப் படித்தாலே பத்துப் பதினைந்து சொற்கள் மனத்தில் பதிந்துவிடும்.

புதிதாகக் கற்பவர் எல்லாத் தொழில்களையும் ஒரே நாளில் படிக்கத் தேவையில்லை. முதலில் தம் தொழிலுக்குரிய சொல். அதற்கு ஒரு படி மேலும் ஒரு படி கீழும் உள்ள பதவிகளின் சொற்கள். பிறகு வீட்டில் உள்ளவர்களின் தொழில்கள். அதன் பின் அவசரத்துக்குத் தேவைப்படும் குடும்ப மருத்துவர், மருந்தாளர், காவல் அதிகாரி, மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொன்றையும் சிறு அட்டையில் எழுதி, சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பொருளையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். காவல் அதிகாரிக்குப் ‘போலீட்ஸி-அஹென்ட்’ என்று சொல்ல வேண்டும். விண்ணப்பம் அனுப்பும் முன், எழுதிய பதவிப் பெயரை அந்தத் துறையில் அங்கேயே வேலை செய்யும் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.